நியாலாஸுக்கு வந்த இரவல் பெட்டிகள்

ராஜம்மா டீச்சர் ஒரு புத்தகத்தை எடுக்கிற விதத்தைப் பார்த்தாலே போதும், அவர் எப்படிப்பட்ட மனுஷி என்று தெரிந்துவிடும். தலை நிற்காத பிள்ளையைத் தூக்குவதுபோல ஒரு கை அடியில், ஒரு கை முதுகில். ஜாசினில் டயர் கடை வைத்திருக்கும் அவர் கணவர் சிவசாமி, "கல்யாணமான நாள்லேருந்து என்னைய ஒரு தடவ இப்படிப் பார்த்துருப்பியா?" என்று கேட்காத வாரம் இல்லை. அவர் சொல்வதும் உண்மைதானே.

புத்தகம் தவறிக் காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். டீச்சர் அதற்கும் ஒரு படி மேலே போனவர். மலாக்கா மாநிலத்து நியாலாஸிலிருந்து செம்பனை எண்ணெய்த் தோட்டக் காட்டுக்குள் போகும் சாலையில் இருக்கிற அந்தத் தமிழ்ப்பள்ளியின் நூல்நிலையம் அவர் பொறுப்பில் இருந்தது. பிள்ளைகள் உள்ளே வருமுன் குழாயடியில் கை கழுவ வேண்டும். துணியில் துடைக்க வேண்டும். வாசலில் நின்று இரண்டு கையையும் திருப்பித் திருப்பிக் காட்ட வேண்டும். விரலில் முறுக்கு வாசம் அடித்தால் அன்றைக்கு அந்தப் பிள்ளைக்குப் புத்தகம் கிடையாது. உள்ளே வந்த பிறகும் மேசையில் வைத்துத்தான் படிக்க வேண்டும், மடியில் வைக்கக் கூடாது. மணி அடித்தால் புத்தகம் அலமாரிக்குப் போய்விடும், சாவி டீச்சர் கைப்பைக்குப் போய்விடும்.

கடுமையான ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் அதே தோட்டத்தில் பிறந்தவர். அப்பா செம்பனைக் குலை வெட்டினார், அம்மா காட்டில் களை எடுத்தார். ராஜம்மா படித்த காலத்தில் பள்ளியில் ஒரே ஒரு கண்ணாடி அலமாரி, அதுவும் பூட்டியே இருக்கும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று புத்தகங்களின் முதுகில் இருந்த பெயர்களை மட்டும் வாசித்து வாசித்து, உள்ளே இன்ன கதைதான் இருக்கும் என்று தானாகவே கட்டிக்கொண்டு வளர்ந்த பெண் அவர். ஆறாம் ஆண்டில் ஒரு பரிசளிப்பின்போது முதல் தடவையாக அதில் ஒன்று கைக்கு வந்தது. விரித்துப் பார்க்கப் பயந்துபோய் வீடு வரைக்கும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டே நடந்தார். அந்தப் பயபக்தி பயிற்சிக் கல்லூரிக்குப் போன பிறகும் போகவில்லை, இரண்டு பிள்ளைகளைப் பெற்று வளர்த்த பிறகும் போகவில்லை. அதைக் குறையென்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

பள்ளிக்கென்று இருந்த புத்தகங்கள் எல்லாம் பழசு. செல்லரித்தவை பாதி, தாள் உதிர்ந்தவை மீதி. அப்படி இருக்கும்போதுதான் மாநிலப் பொது நூலகத்திலிருந்து ஒரு ஏற்பாடு வந்தது. ஒவ்வொரு பள்ளித் தவணையும் நூலகத்து வேன் பள்ளிக்கு வரும். பெட்டி பெட்டியாகத் தமிழ்ப் புத்தகங்களை இறக்கிவிட்டுப் போகும். தவணை முடிந்ததும் திரும்ப எடுத்துக்கொண்டு வேறு பெட்டிகளைத் தரும். வேனோடு வருபவன் ஹரிதாஸ். நூலகத்தில் வேலை பார்க்கிற, புக்கிட் ரம்பாய்த் தாமான் குடியிருப்பில் வளர்ந்த பையன். பிள்ளைகளுக்கான புத்தகங்களோடு, பெற்றோருக்கும் இருக்கட்டுமே என்று நாலைந்து கனத்த நாவல்களையும் அவன் பெட்டியில் போட்டுவைப்பான்.

முதல் பெட்டியைத் திறந்த அன்று டீச்சர் ஒவ்வொன்றாக எடுத்துத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் புத்தம் புதியவை. ஒவ்வொன்றிலும் பொது நூலகத்தின் முத்திரை. மலாக்கா டவுனுக்குப் போனால் பெரிய கட்டடத்துக்குள் ஏசி குளிரில் இருக்கிற புத்தகங்கள், இந்தக் காட்டுக்குள் எங்களைத் தேடி வந்திருக்கின்றனவே என்று கண் கலங்கிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் உறை போட்டார். பிள்ளைகளைக் கூப்பிட்டு, "இது நம்ம பொருள் இல்ல. இரவல். ஒரு கோடு விழக் கூடாது, ஒரு மூல மடங்கக் கூடாது" என்று சொல்லிவைத்தார். ஒரு கோடும் விழவில்லை. சரஸ்வதி பூஜைக்கு அந்தப் பெட்டிகளையே படத்துக்கு முன்னால் அடுக்கி, ஒவ்வோர் உறையின் ஓரத்திலும் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கற்பூரம் காட்டினார்கள். அந்தப் பொட்டைத் தவிர வேறு ஒரு கறை இல்லாமல் புத்தகங்கள் நூலகத்துக்குத் திரும்பிப் போயின. டீச்சருக்கு அதில் எவ்வளவு பெருமை தெரியுமா!

அந்தப் பெருமையில்தான் ஹரிதாஸ் ஒரு நாள் மண்ணைப் போட்டான். புதுப் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு, வழக்கமாகக் குடிக்கிற தேத்தண்ணியைக்கூடத் தொடாமல் நின்றான்.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. இந்தத் தவணையோட தமிழ்ப் பெட்டிய நிறுத்திடலாம்னு மேல பேசிக்கிறாங்க."

"ஏன் தம்பி? நாங்க ஏதாச்சும் கிழிச்சுட்டோமா?"

"கிழிச்சிருந்தாக்கூடப் பரவால்லலா! புக் எல்லாம் கடைலேருந்து வந்தமாரி வருது. ஒரு புள்ளகூட வூட்டுக்கு எடுத்துட்டுப் போனதா இல்ல. வாசிக்க ஆளே இல்லாத எடத்துக்கு எதுக்கு வேன் ஓட்டணும், எதுக்குத் தமிழ் புக் வாங்கணும்னு மீட்டிங்ல கேக்குறாங்க. நான் என்ன பதில் சொல்றது?"

"வாசிக்கிறாங்க தம்பி. இங்கயே உக்காந்து, கை கழுவிட்டு..."

"அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். புக்கப் பார்த்தா தெரியலயே டீச்சர். நீங்க அதக் கும்பிட்டு அனுப்புறீங்க. அவங்க அத யாரும் தொடலன்னு நெனைக்கிறாங்க."

டீச்சர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒரு வாழ்நாள் மரியாதை இப்படி வந்து முடியும் என்று யார் கண்டார்கள்? ஹரிதாஸ் கெட்டவன் இல்லை. தவணை முடிவில் புத்தகங்களை எடுக்க வரும்போது அவை நன்றாகப் புழங்கியிருந்தால், தானே பேசிப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனான். பெட்டி வருமா நிற்குமா என்பது அந்த ஒரு தவணையில் இருந்தது.

மறுநாள் டீச்சர் அலமாரியைத் திறந்தார். பூட்டைக் கைப்பைக்குள் போட்டார். "ஆளுக்கு ஒண்ணு வூட்டுக்கு எடுத்துட்டுப் போங்க" என்றார். பிள்ளைகள் நம்பவில்லை. "நெஜமாவா டீச்சர்? வூட்டுக்கா? பேக்குல போட்டா?" என்று நிவேந்திரன் மூன்று தரம் கேட்டான். முந்திய வாரம் கையில் சாயம் இருந்ததற்காக வெளியே நிறுத்தப்பட்டவன் அவன். நான்காம் ஆண்டு திவ்யதர்ஷினி, பிள்ளைகளுக்கான புத்தகங்களை விட்டுவிட்டு, தலையணை கனத்துக்கு இருந்த ஒரு நாவலின் முதல் பாகத்தை இழுத்தாள். "இது பெரியவங்க படிக்கிறதும்மா" என்றார் டீச்சர். "எங்கப்பாவுக்கு டீச்சர். பெரியவங்கதான்" என்றாள் அவள். இரண்டாம் பாகத்தையும் கேட்டாள். அதற்கு டீச்சர் ஒப்பவில்லை. முதல் பாகம் வந்தால்தான் இரண்டாம் பாகம் என்று சொல்லி அதைத் தன் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார்.

புத்தகங்கள் திரும்பி வரத் தொடங்கியபோது டீச்சருக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஒன்றில் மஞ்சள் விரல் பதிந்திருந்தது. ஒன்று மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, அப்பளம்போல நெளிந்து வந்தது. இன்னொன்றின் நடுவில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. எல்லாவற்றிலும் மூலை மடங்கியிருந்தது. ஒவ்வொரு மடிப்பையும் நகத்தால் நீவிக்கொண்டே அவர் மனசுக்குள் அழுதார். ஆனால் பிள்ளைகள் அடுத்ததற்குக் கை நீட்டிக்கொண்டு நின்றார்கள். குழாயடிக்கு அனுப்பக்கூட அவகாசம் தரவில்லை.

எல்லாம் வந்தது. அந்த நாவலின் முதல் பாகம் மட்டும் வரவில்லை.

ஹரிதாஸ் வருவதற்கு முந்தைய வாரம் வரைக்கும் பார்த்துவிட்டு டீச்சர் திவ்யதர்ஷினியை விசாரித்தார். "அப்பா பஸ்ல இருக்கு டீச்சர்" என்றாள் அவள். அப்பா தேவன் புக்கிட் ரம்பாயில் ஒரு தொழிற்சாலையில் பிற்பகல் வேலை பார்ப்பவர். நியாலாஸ் சுற்று வட்டாரத்து ஆட்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ் தினமும் அங்கே போகும். இரவல் பொருளைத் தொலைத்துவிட்டு நூலகத்து மனிதர் முகத்தில் எப்படி விழிப்பது? அதைவிட, கிழிந்தாலும் பரவாயில்லை என்று சொன்னவன் தொலைந்தாலும் பரவாயில்லை என்று சொல்லவில்லையே. பள்ளி விட்டதும் டீச்சர் காரை நேராகப் பஸ் நிற்கிற சந்திக்கு விட்டார்.

பஸ் புறப்படத் தயாராக நின்றது. டீச்சர் படியில் ஏறி, மூச்சு வாங்க, "தேவன் யாரு? எங்க ஸ்கூல் புக் எங்க?" என்றார்.

பஸ் முழுக்க ஒரே சமயத்தில் பேசியது.

முதலில் ஓட்டுநர் ரங்கசாமி எஞ்சினை நிறுத்தினார். நரைத்த மீசைக்காரர். இருக்கையிலிருந்தே முழுசாகத் திரும்பி, "டீச்சரா? நல்ல வேள வந்தீங்க. அந்தப் பேச்சி கப்பல்ல ஏறுனாளா இல்லயா? அத மொதல்ல சொல்லுங்க" என்றார்.

"எந்தப் பேச்சி?"

"என்ன டீச்சர், கததான்! மரப்பலகைல ஒரு கால வெச்சுட்டா, இன்னொரு கால் தரைல நிக்குது, கீழ அவ அண்ணன்காரன் கத்துறான். அங்க கொண்டாந்து முடிச்சுட்டானே அந்த ஆளு! ரெண்டாம் பாகத்துலன்னு போட்டுட்டான்."

"அவ ஏற மாட்டாண்ணே" என்றாள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த சாந்தி. சீருடைக்கு மேல் தாவணி மாதிரி ஒரு துண்டைச் சுற்றியிருந்தாள். "தாயார விட்டுட்டுப் போற பொண்ணா அவ?"

"ஏறுவா. பாருங்க. ஏறாட்டி எதுக்கு ரெண்டாம் பாகம்?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். கடைசி வரிசையில் இருந்த நேப்பாளித் தொழிலாளி ஒருவன் எழுந்து நின்று டீச்சரைப் பார்த்து மலாயில், "டியா நாயேக் கெ தாக், சிக்கு?" என்று கேட்டான். அவனுக்கும் பேச்சி ஏறினாளா இல்லையா என்பதுதான் தெரிய வேண்டும்.

தேவன் கூச்சத்தோடு முன்னால் வந்து நடந்ததைச் சொன்னார். அவர் தமிழ் படித்தது ஆறாம் ஆண்டு வரைக்கும்தான். எழுத்துக் கூட்டி, உதட்டை அசைத்து, பஸ்ஸில் மெதுவாகப் படித்துக்கொண்டு வந்திருக்கிறார். பக்கத்து இருக்கைக்காரர், "என்னா முணுமுணுக்கிற, சத்தமாத்தான் வாசியேன்லா" என்றிருக்கிறார். சத்தமாக வாசித்திருக்கிறார். மறுநாள் முன் இருக்கைக்காரர்கள் திரும்பி உட்கார்ந்தார்கள். அதற்கு மறுநாள் ரங்கசாமி ரேடியோவை நிறுத்திவிட்டார். தொண்டை கட்டினால் சாந்தி வாங்கி வாசிப்பாள். நேப்பாளி, வங்காளதேசத்து ஆட்களுக்கு இடையிடையே மலாயில் கதையைச் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் சண்டைக்கு வருவார்கள்.

"போகையில வாசிப்போம் டீச்சர். வரையில எல்லாரும் தூங்கிருவாங்க. ஆனா அந்தப் பேச்சியோட சித்தப்பன் கட்டத்துல மட்டும் வரையிலயும் யாரும் தூங்கல" என்றார் தேவன்.

டீச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பஸ்ஸுக்குள் அன்றைக்கு இருந்த முகங்களில் பாதி அவருக்குத் தெரிந்தவை. கூட்டத்துக்குக் கூப்பிட்டால் வராத பெற்றோர், கையெழுத்துக்கு மட்டும் பள்ளி வாசலில் தலைகாட்டுகிறவர்கள். இவர்கள் வாசிக்க மாட்டார்கள் என்று அவரும்தான் நினைத்திருந்தார். ஒரு புத்தகம் இவ்வளவு பேரை ஒரே மூச்சில் உட்கார வைக்குமா? செம்பனை மரங்கள் இரண்டு பக்கமும் ஓட, ஒரு மனிதன் எழுத்துக் கூட்டி வாசிக்க, ஒரு பஸ்ஸே காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு போவதை அவர் மனசுக்குள் பார்த்தார். உடம்பு சிலிர்த்தது. கோயிலில் தீபாராதனை நேரத்தில்தான் அவருக்கு அப்படி ஆகும்.

"அப்ப புக் இப்ப எங்க?" என்று கேட்டபோது குரல் இறங்கிவிட்டது.

தேவன் தலையைச் சொறிந்தார். தொழிற்சாலைக் கேன்டீனில் இவர்கள் கதை பேசுவதைக் கேட்டு, மஸ்ஜித் தானாவிலிருந்து வேலைக்கு வருகிற மணியம் என்பவர் ஒரு வாரத்துக்கு வாங்கிப் போனாராம். பிறகு அவர் ஷிஃப்ட் மாறிவிட்டது. போனும் எடுப்பதில்லை.

"தப்புதான் டீச்சர். மன்னிச்சுக்குங்க. ஆனா அவரு கேட்டப்ப குடுக்காம இருக்க முடியல. நானும் வாசிச்சுட்டுத்தானே குடுத்தேன்."

நேரமாகிவிட்டது என்று ரங்கசாமி சாவியைத் திருகினார். டீச்சர் இறங்கும்போது மறுபடியும் கூப்பிட்டார். "டீச்சர், ரெண்டாம் பாகம் உங்ககிட்ட இருக்குன்னு தேவன் சொன்னான். நீங்க படிச்சிருப்பீங்க. ஒரே ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க. ஏறுனாளா?"

டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் இன்னும் படிக்கலண்ணே" என்றார். பஸ் அதை நம்பாமல் சிரித்துக்கொண்டே கிளம்பிப் போனது.

மறுநாள் இடைவேளையில் அவர் இழுப்பறையைத் திறந்து இரண்டாம் பாகத்தை வெளியே எடுத்தார். உறை மினுமினுவென்று இருந்தது. இத்தனை வருஷம் எத்தனை பெட்டி வந்தது, எத்தனை போனது! ஒவ்வொன்றுக்கும் உறை போட்டிருக்கிறார், பொட்டு வைத்திருக்கிறார், பெயரைச் சொன்னால் எந்தத் தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். ஒன்றையாவது பேச்சி ஏறினாளா என்று தவித்துக்கொண்டு படித்திருக்கிறாரா? முதல் பக்கத்தைத் திறந்தார். கப்பல் நகர்ந்துகொண்டிருந்தது. யார் அதில் இருக்கிறார்கள் என்று தெரிவதற்குள் மூடிவிட்டார். முதல் பாகம் தெரியாமல் இதைப் படிப்பது அந்தப் பஸ்காரர்களுக்குச் செய்கிற துரோகம்போலத் தோன்றியது.

ஹரிதாஸ் வரவேண்டிய நாள் வந்தது. டீச்சர் பெட்டிகளை அடுக்கிவைத்து வாசலிலேயே நின்றார். அவன் ஒரு புத்தகத்தை எடுத்தான். மஞ்சள் விரலைப் பார்த்தான், நெளிந்த தாளைப் பார்த்தான், மோந்தும் பார்த்தான். "டீச்சர்! கறிவேப்பில வாசம் அடிக்குது" என்று சிரித்தான். டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை.

"தம்பி, ஒரு புக் தொலஞ்சு போச்சு. நான்தான் பொறுப்பு. மீட்டிங்ல சொல்லிரு. ஆனா இன்னொண்ணும் சேத்துச் சொல்லு. அத ஒரு பஸ்ஸே வாசிச்சிருக்கு. என் கண்ணால பார்த்தேன். அப்புறம் அவங்க பெட்டிய நிறுத்துறதுன்னா நிறுத்திக்கட்டும்."

ஹரிதாஸ் புத்தகத்தைக் கீழே வைத்தான். "கப்பல் கதைதானே? மொத பாகம்?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அது தொலையலலா டீச்சர். மஸ்ஜித் தானா நூலகக் கிளைல இருக்கு. மணியம்னு ஒருத்தரு. யாருகிட்ட வாங்குனோம்னு அவருக்கே கொழப்பமாப் போச்சாம். உள்ள நம்ம முத்திரையப் பார்த்துட்டு, நூலகத்துப் பொருள் நூலகத்துக்கே போகட்டும்னு பக்கத்துல இருந்த கிளைல கொண்டுபோயி குடுத்துட்டாரு. குடுத்துட்டுச் சும்மா போகல. ரெண்டாம் பாகம் எங்கன்னு கேட்டு ஒக்காந்துட்டாரு. அவரு சம்சாரம், அவரு தம்பி, கடைக்காரரு ஒருத்தரு, எல்லாருக்கும் மொத பாகம் வேணுமாம், அங்கயே உறுப்பினர் ஆயிட்டாங்க. அந்தக் கிளைல இருக்கிற அம்மா எனக்குப் போன் போட்டு, 'எங்களுக்குத் தமிழே தெரியாது, இவங்க தெனம் வராங்க, எங்களுக்கும் ஒரு தமிழ்ப் பெட்டி அனுப்பு'ன்னு கேக்குது."

டீச்சர் அடுக்கியிருந்த பெட்டிகளை இன்னும் கொஞ்சம் நேராக்கினார்.

"பெட்டிய நிறுத்தல டீச்சர். அதத்தான் சொல்ல வந்தேன். கூட அனுப்பணும்னு பேச்சு. அந்தக் கப்பல் புக் ரெண்டாம் பாகத்த நான் இப்ப எடுத்துட்டுப் போகணும். அங்க வரிசைல நிக்கிறாங்க. இங்க உங்க பஸ்ஸும் ரெண்டாம் பாகத்துக்கு நிக்கிதுன்னு எங்க நூலகத்துல வந்து சொன்னாங்க."

டீச்சர் இழுப்பறைக்குப் போய் இரண்டாம் பாகத்தைக் கொண்டுவந்தார். ஒரு கை அடியில், ஒரு கை முதுகில். நீட்டினார். ஹரிதாஸ் பிடித்தும் அவர் விடவில்லை.

"தம்பி, அந்த வரிசைல என் பேரையும் போடுவியா? மொத பாகத்துக்கு."

"உங்களுக்கா? நீங்கதானே இத்தன நாளா இதெல்லாம் வெச்சுட்டு..." என்று ஆரம்பித்தவன், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். போனை எடுத்தான். "சரி டீச்சர். உங்க உறுப்பினர் அட்டைய எடுங்க."

டீச்சரிடம் அட்டை இல்லை. பள்ளி நூல்நிலையத்துக்கு இத்தனை காலம் காவல் இருந்தவர், பொது நூலகத்தில் ஒரு நாளும் உறுப்பினராகச் சேர்ந்ததில்லை. அங்கே போய் நமக்கென்று ஒரு புத்தகம் கேட்கலாம் என்பதே அவருக்குத் தோன்றியதில்லை. அதை அவர் சொன்னபோது ஹரிதாஸ் சிரிக்கவில்லை. வேனுக்குப் போய்ப் புதிய அட்டை ஒன்றை எடுத்துவந்து, பெயரைப் பதிந்து, அவர் கையில் கொடுத்தான்.

"மணியம் வூட்டு ஆளுங்க இருக்காங்க, அந்தக் கடைக்காரரு இருக்காரு, அப்புறம் சாந்தின்னு அந்த பஸ்ல வர ஒருத்தங்க, நூலகத்துக்கு வந்து சொன்னவங்கதான், இன்னொரு தடவ வேணும்னு கேட்டிருக்காங்க. உங்களுக்கு வர நாளாகும் டீச்சர்."

"ஆகட்டும்" என்றார் ராஜம்மா. "கடைசில நிக்கிறேன். ஆனா அவ கப்பல்ல ஏறுனாளான்னு யாரும் எனக்குச் சொல்லிடாதீங்க."